வளர்ப்புப் பாம்பு இரை எடுக்க மறுத்தால்: முழுமையான வழிகாட்டி

பாம்பு இரையைத் தொடவில்லை என்றதும் பலர் செய்யும் முதல் காரியம், மறுநாளே இன்னொரு எலியைக் கொண்டுபோய் அதன் முகத்துக்கு நேரே ஆட்டுவது. அதுவும் வேண்டாம் என்றால் அதற்கடுத்த நாள் மூன்றாவது எலி. சும்மா விட்டிருந்தால் பத்து நாளில் தானே இரை எடுத்திருக்கும் பாம்பு, இந்தத் தொல்லையாலேயே மாதக்கணக்கில் வாய் திறக்காமல் போகிறது.

பாம்பின் உடல் பட்டினிக்கென்றே அமைந்தது. இரை கிடைக்காத காலத்தில் அது தன் உடல் இயக்கச் செலவைக் குறைத்துக்கொள்கிறது. மலைப்பாம்பு இனங்களில் குடல்கூடச் சுருங்கி, அடுத்த இரை உள்ளே போனதும் ஓரிரு நாளில் மறுபடி பருக்கிறது. ஆகவே "எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை" என்ற கேள்விக்குத் தனியாகப் பெரிய அர்த்தம் இல்லை. "எத்தனை கிராம் இறங்கியிருக்கிறது" என்பதுதான் கேள்வி. கீழே சொல்வது எல்லாம் எலி, சுண்டெலி தின்று வளரும் வீட்டுப் பாம்புகளுக்கு: பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் சிறு மலைப்பாம்பு), கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், ஹாக்நோஸ், சாண்ட் போவா, போவா கன்ஸ்ட்ரிக்டர். வரிசையை மாற்றாதீர்கள். வெப்பத்தைச் சரிபார்க்காமல் வாசனைத் தந்திரங்களுக்குத் தாவுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

படி 1: எடை போடுங்கள், உடலைப் பாருங்கள்

ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் சமையலறைத் தராசு போதும். குஞ்சுப் பாம்புக்கு 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, பாம்பை உள்ளே விட்டு எடை பாருங்கள். தேதியுடன் எழுதிவையுங்கள். வளர்ந்த பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குஞ்சுக்கு வாரம் ஒருமுறை. அதற்கு மேல் எடை போடுவதும் ஒரு தொந்தரவுதான்.

எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல வாரம் கழித்து மலம் கழித்த பெரிய பாம்பு ஒரே நாளில் கணிசமாக எடை குறைந்து காட்டும். அது மெலிவு அல்ல, குடல் காலியானது. மலம் கழித்த பிறகு எடுத்த எடையையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடிப்படையிலிருந்து 10 சதவீதம் இறங்கினால் மருத்துவரிடம் பேச வேண்டிய கட்டம். 1,200 கிராம் பால் பைத்தானுக்கு அந்தக் கோடு 1,080 கிராம்.

அடுத்து உடல்வாகு. முதுகெலும்பு கத்தி முனைபோல் துருத்தி, பக்கங்கள் இரண்டும் உள்வாங்கி, வால் அடியில் தோல் மடிப்பு விழுந்திருந்தால் பாம்பு மெலிந்துவிட்டது என்று பொருள். எதிர்ப்பக்கமும் உண்டு: உடல் வளையும்போது செதில்களுக்கு இடையே தோல் பிதுங்கித் தெரிந்தால், மலவாய்க்கு முன்னே கொழுப்புத் திரண்டிருந்தால், பாம்பு அளவுக்கு மீறித் தின்றிருக்கிறது. அப்படிப்பட்ட வளர்ந்த பாம்பு ஒன்றிரண்டு மாதம் இரையை மறுப்பது அதற்கு நல்லதே.

வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் குமிழி, மூச்சில் கரகரப்பு, உதட்டோரம் வீக்கம் அல்லது தயிர்போன்ற படிவு, தலையைப் பின்னால் மடக்கி மேலேயே பார்த்துக்கொண்டிருத்தல், கவிழ்த்துப் போட்டால் திரும்ப முடியாமை, உடலின் நடுவே கட்டியான வீக்கம், திரும்பத் திரும்ப இரையைக் கக்குதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் படிகளைத் தொடராதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் நேராகப் போங்கள்.

படி 2: மறுப்பதற்கு இயல்பான காரணம் இருக்கிறதா?

சட்டை உரிக்கப்போகும் பாம்பு பெரும்பாலும் இரை எடுக்காது. தோல் மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும், கண் மேல் பால் படர்ந்ததுபோல் நீலச் சாம்பல் நிறம் வரும். பிறகு கண் தெளியும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: கண் தெளிந்ததும் சட்டை உரித்துவிட்டது என்று நினைத்து இரை வைக்கிறார்கள். கண் தெளிந்து மூன்று முதல் ஐந்து நாள் கழித்தே சட்டை கழலும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். உரித்து முடித்த மறுநாள் இரை வையுங்கள். பாம்பு மிகுந்த பசியோடு இருக்கும் நேரம் அது.

இனப்பெருக்கக் காலம் அடுத்தது. வளர்ந்த ஆண் பாம்பு இணை தேடும் மாதங்களில் இரையைத் திரும்பிப் பார்க்காது. அறையில் பெண் பாம்பே இல்லாவிட்டாலும் இது நடக்கும். கூண்டுக்குள் இரவெல்லாம் அலையும், மூக்கால் மூடியைத் தள்ளும், எடை மட்டும் அவ்வளவாக இறங்காது. கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், ஹாக்நோஸ் ஆண்களில் இது வசந்தத்தில் அதிகம்; பால் பைத்தானில் குளிர் மாதங்களில். சினைப்பட்ட பெண் பாம்பும் முட்டையிடும் வரை மறுக்கலாம்.

பால் பைத்தானைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இரை மறுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. 800 முதல் 1,000 கிராம் எடையைத் தொடும் கட்டத்தில் பல பால் பைத்தான்கள் திடீரென நிறுத்திவிடும். எடை நிலையாக இருந்து, மூச்சும் நடமாட்டமும் சரியாக இருந்தால் மூன்று நான்கு மாதப் பட்டினி அதற்கு ஆபத்தில்லை. அதே மூன்று மாதம் ஒரு இளம் கார்ன் ஸ்நேக் சாப்பிடவில்லை என்றால் கதையே வேறு; அது நோய் அல்லது வளர்ப்புப் பிழையின் அறிகுறி.

புதிதாக வந்த பாம்பு முதல் வாரம் சாப்பிடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்து ஏழு நாள் வரை கையில் எடுக்காதீர்கள், கூண்டில் தண்ணீர் மாற்றுவதோடு நிறுத்துங்கள். முன்பு வளர்த்தவரிடம் நான்கு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எலியா சுண்டெலியா, உயிரோடா உறைந்ததா, எந்த அளவு, கடைசியாக எப்போது. பாதிப் பிரச்சினை இந்த நான்கு பதில்களிலேயே தீர்ந்துவிடும். காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட பாம்பு என்று தெரிய வந்தால் மூன்றாம் படிக்குப் பிறகு நேராக ஒன்பதாம் படிக்குப் போங்கள். அதன் குடலில் புழுக்கள் இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 3: வெப்பம், மறைவு, ஈரப்பதம்

பாம்புக்குச் செரிமானச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு போதாவிட்டால் வயிற்றில் போன எலி செரிக்காமல் அழுகும். இரை எடுக்க மறுப்பது அப்போது பாம்பின் தற்காப்பு. அதனால் எந்தத் தந்திரத்துக்கும் முன்னால் அளவெடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். அது சுவரின் சூட்டைக் காட்டும். பாம்பு படுப்பது தரையில். தேவையானவை இரண்டு: கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், தரைச் சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். மறைவிடத்துக்கு உள்ளே, பாம்பின் வயிறு படும் இடத்தில் அளவெடுங்கள். பகலில் ஒருமுறை, விடியற்காலையில் ஒருமுறை. விடியற்காலை எண்தான் பெரும்பாலும் குட்டை உடைக்கும்.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. போவாவுக்கும் ஏறக்குறைய இதுவே. கார்ன், கிங் ஸ்நேக்குகளுக்குச் சூடான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. ஹாக்நோஸ், சாண்ட் போவாவுக்குச் சூடான இடம் 32 முதல் 34 வரை வேண்டும்; ஆனால் மறுபக்கம் 25க்கு அருகில் இறங்கியிருக்க வேண்டும். கூண்டு முழுவதும் ஒரே சூடாக இருப்பதும் பிழையே. ஒதுங்க இடமில்லாத பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கும், சாப்பிடாது.

ஹீட் மேட் (கூண்டுக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு) வைத்திருந்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அதன் உணர்முனை மேட்டுக்கும் கூண்டின் அடித்தளத்துக்கும் நடுவே டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கட்டும். கூண்டுக்குள் தளர்வாகக் கிடந்தால் பாம்பு அதை நகர்த்திக் குளிர்ந்த பக்கம் தள்ளிவிடும். தெர்மோஸ்டாட் கூண்டு குளிர்கிறது என்று எண்ணி மேட்டை இடைவிடாமல் எரிக்கும், பாம்பின் வயிறு வெந்துபோகும். பரப்பிய மரத்தூள் ஆழமாக இருந்தால் சூடு மேலே வராது. மேட்டுக்கு மேலே 2 சென்டிமீட்டருக்கு மிகாமல் பரப்புங்கள். இரவில் வெளிச்சம் தரும் பல்பு எதுவும் வேண்டாம். வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர் போதும்.

மறைவிடம் இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. பாம்பு சுருண்டு படுத்தால் அதன் உடல் மறைவிடத்தின் சுவர்களையும் கூரையையும் தொட வேண்டும். அழகுக்காக வாங்கிய அகலமான குகை இதற்கு உதவாது. கவிழ்த்து ஒரு பக்கம் வாசல் வெட்டிய கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா அதைவிட மேல். சிறிய பாம்பைப் பெரிய கண்ணாடித் தொட்டியில் போட்டிருந்தால் மூன்று பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டி, உள்ளே செயற்கை இலை, மரப்பட்டை, கசக்கிய காகிதம் என்று நிரப்புங்கள். தொட்டியை மாற்றுவதைவிட இது வேகமாகப் பலன் தரும்.

ஈரப்பதம் பால் பைத்தானுக்கும் போவாவுக்கும் 55 முதல் 70 சதவீதம், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60, ஹாக்நோஸுக்கு 30 முதல் 50. உரித்த சட்டை முழு உறையாக வராமல் துண்டு துண்டாக வந்தால் ஈரம் போதவில்லை. பாம்பை உடலின் பாதி உயரத்துக்கு மட்டும் 28 முதல் 30 டிகிரித் தண்ணீரில் 15 நிமிடம், பக்கத்திலேயே இருந்து ஊறவிடலாம். நீரிழந்த பாம்பு இரையைத் தேடாது.

ஒரு கூண்டில் ஒரு பாம்புதான். இரண்டு சேர்ந்து சுருண்டு கிடப்பது நட்பல்ல, நல்ல இடத்துக்கான போட்டி. கிங் ஸ்நேக் என்றால் கூட இருப்பதையே இரையாக்கிவிடும்.

திருத்தம் செய்த பிறகு ஏழு முதல் பத்து நாள் கூண்டைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த இரை.

படி 4: இரையின் அளவும் சூடும்

பாம்பின் உடலில் மிகத் தடித்த இடம் எவ்வளவு பருமனோ, இரையும் அவ்வளவு. அதிகம் போனால் அதைவிடக் கால் பங்கு கூட. எடைக் கணக்கில், வளரும் பாம்புக்குத் தன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்ததற்கு 5 முதல் 7 சதவீதம். 400 கிராம் பால் பைத்தானுக்கு 40 முதல் 60 கிராம் எலி. மறுக்கும் பாம்புக்கு வழக்கத்தைவிட ஒரு அளவு சிறிய இரையைக் காட்டுங்கள். பெரிய எலியைக் கண்டு பின்வாங்கும் பாம்பு சிறியதைப் பாய்ந்து பிடிப்பது அடிக்கடி நடப்பது.

உறைந்த எலியை முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். பிறகு ஜிப் பையில் போட்டு, கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். வயிற்றை அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டியாக ஏதும் தட்டக்கூடாது. மேலே சூடும் உள்ளே பனிக்கட்டியுமாக விழுங்கிய இரை கக்கலில் முடியும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்: ஒரு பக்கம் வெந்து, வயிறு வெடித்துவிடும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைக்கவும் கூடாது. எலி இளக்கும் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி எலியிலும் இருக்கும், பாம்பிலும் இருக்கும்.

பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். அவை வெப்பத்தை உணரும் உறுப்புகள். இருட்டில் அது எலியை அறிவது அந்தக் குழிகளால். ஆறிப்போன எலி அதற்குக் கல்லுக்குச் சமம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எலியின் தலைக்குக் காட்டினால் 38 முதல் 40 டிகிரி வர வேண்டும். உடலைவிடத் தலை சூடாக இருந்தால் பாம்பு தலையைக் குறிவைக்கும். அதனால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் எலியின் தலையை மட்டும் சூடான தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, துணியால் துடைத்து, கூடவே ஹேர் டிரையரால் ஈரத்தைப் போக்குங்கள். ரோமம் உலர்ந்து உப்பினால் வாசனையும் பரவும். கார்ன், கிங், ஹாக்நோஸ் பாம்புகளுக்கு இந்தக் குழிகள் கிடையாது. அவை நாக்கால் வாசனை பிடித்து வருபவை. அவற்றுக்கு இரை வெதுவெதுப்பாக இருந்தாலே போதும்.

படி 5: கொடுக்கும் முறை

விளக்கை அணைத்து, இருட்டிய ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். பாம்பு மறைவிட வாசலில் தலையை வைத்துக் கழுத்தை ஆங்கில எழுத்து எஸ் போல மடக்கிக் காத்திருந்தால் அது வேட்டைக்குத் தயார். தனி டப்பாவுக்கு மாற்றி ஊட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இடம் மாற்றுவதே பல பாம்புகளின் பசியைக் கொல்கிறது. கூண்டிலேயே கொடுத்தால் கடிக்கும் குணம் வந்துவிடும் என்பது ஆதாரமில்லாத பேச்சு.

30 சென்டிமீட்டராவது நீளமுள்ள இடுக்கியால் எலியின் இடுப்புப் பக்கத்தைப் பிடியுங்கள், வாலைப் பிடித்துத் தொங்கவிட வேண்டாம். முகத்துக்கு நேரே கொண்டுபோகாமல், பாம்பின் தலையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளித் தரையோடு தரையாக நகர்த்துங்கள். உண்மையான எலி பாம்பை நோக்கி வராது, குறுக்கே ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதே மாதிரி ஓர் அசைவு, மூன்று நான்கு விநாடி நிறுத்தம்.

இப்போது நாக்கைப் பாருங்கள். ஆர்வமுள்ள பாம்பு முதலில் வேகமாக நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். பிறகு நாக்கின் அசைவு நிதானமாகி, தலை எலியின் பக்கம் மெல்லத் திரும்பி, கழுத்து பின்னுக்கு மடங்கும். அந்த நொடியில் எலியை அசைக்காமல் வையுங்கள். இன்னும் ஆட்டினால் பாம்பு மிரளும். மாறாக, தலையை உடலுக்குள் புதைத்தால், உடலை வெடுக்கென்று பின்னிழுத்தால், சீறினால், அன்றைக்கு அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்கு மேல் முயலாதீர்கள்.

பிடித்துவிட்டால் கொஞ்சம் எதிர்த்து இழுத்து, பிறகு விடுங்கள். உயிருள்ள இரை என்று நம்பிச் சுற்றி இறுக்கும். பிறகு வெளிச்சம் போடாமல், எட்டிப் பார்க்காமல் அறையை விட்டு வெளியேறுங்கள். பாதி விழுங்கும்போது திடுக்கிட்ட பாம்பு இரையை விட்டுவிட்டுப் போவதுண்டு.

இடுக்கிக்கு மசியாத கூச்சப் பாம்புக்கு, சூடான எலியைத் தட்டையான தட்டில் வைத்து மறைவிட வாசலில் விட்டு, கூண்டைத் துணியால் மூடிவிடுங்கள். விடிந்ததும் எடுங்கள். எட்டுப் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடந்த எலி குப்பைக்குத்தான்.

உயிருள்ள எலியைப் போடுவது பற்றிச் சுருக்கமாக: பசியில்லாத பாம்பைப் பசித்த எலி கடித்துத் தின்னும். முதுகுத் தசை எலும்பு தெரியக் கடிபட்டு இறந்த பாம்புகள் உண்டு. அப்படியும் வேறு வழியில்லை என்று கொடுத்தால் கண் எடுக்காமல் உட்கார்ந்து பாருங்கள், பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் எலியை வெளியே எடுங்கள்.

படி 6: இடைவெளி

மறுத்த நாளிலிருந்து அடுத்த முயற்சி வரை: குஞ்சுக்கு 5 முதல் 7 நாள், இளம் பாம்புக்கு 7 முதல் 10, வளர்ந்ததற்கு 14. இந்த இடைவெளியில் கையில் எடுத்து விளையாடுவது இல்லை. ஒரு முயற்சியில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். அளவு, நேரம், வாசனை மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

படி 7: வாசனையும் இரை மாற்றமும்

வெப்பம் சரி, மறைவு சரி, பருவகாலமும் இல்லை, மூன்று முயற்சி வீணாகிவிட்டது என்றால் இந்தக் கட்டம்.

பால் பைத்தான்: சுண்டெலியில் பழகிய பாம்புக்கு எலி இரையாகவே தோன்றாது. எலியைச் சுண்டெலிகள் பயன்படுத்திய பழைய மரத்தூளில் அரை மணி நேரம் புரட்டிவைத்து, பிறகு சூடாக்கிக் கொடுங்கள். ஜெர்பில் என்ற பாலைவன எலி வகையை வளர்ப்பவரிடமிருந்து அதன் மரத்தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. சில பால் பைத்தான்கள் வெள்ளை எலியை விட்டுக் கறுப்பு, பழுப்பு எலியைப் பிடிக்கும். ஒருமுறை நிறம் மாற்றிப் பாருங்கள்.

ஹாக்நோஸ்: காட்டில் தேரை தின்னும் பாம்பு. இளஞ்சுண்டெலியை வெறும் தண்ணீரில் பதப்படுத்திய, உப்பு சேராத டியூனா மீன் சாற்றில் தோய்த்துக் கொடுத்தால் பல ஹாக்நோஸ்கள் எடுக்கும். இடுக்கியால் அதன் வால் பக்கம் லேசாகத் தட்டி, எரிச்சலில் வாய் திறந்து பாயும்போது இரையை நீட்டுவதும் இந்த இனத்தில் பலிக்கும். மற்றவற்றில் செய்யாதீர்கள், ஒளிந்துகொள்ளும்.

கார்ன், கிங் ஸ்நேக்: இளமையில் பல்லி, ஓணான் வகைகளைத் தின்பவை. வீட்டில் வளர்க்கும் ஆரோக்கியமான பல்லி இனம் உரித்த தோலை ஈரப்படுத்தி எலிக்குஞ்சின் தலையில் ஒட்டுங்கள். வெளியில் பிடித்த பல்லியைத் தேய்க்காதீர்கள், ஒட்டுண்ணி கூடவே வரும். எலிக்குஞ்சை வாசனையில்லாத சோப்பில் கழுவி நன்றாக அலசிக் கொடுப்பது இன்னொரு வழி. எலி வாசனையே பிடிக்காத குஞ்சுகள் இதற்கு இணங்கும்.

வாசனை பலித்தால் அதையே நிரந்தரமாக்க வேண்டாம். முதலில் முழு உடலுக்கு, அடுத்து தலைக்கு, அடுத்து மூக்கு நுனிக்கு என்று நான்கைந்து இரைகளில் குறைத்து நிறுத்துங்கள்.

படி 8: குஞ்சுப் பாம்புகள்

குஞ்சுக்குச் சேமிப்பு குறைவு. பெரிய பாம்புக்குச் சொன்ன பொறுமை இங்கே செல்லாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவில் வாழும். முதல் சட்டை உரித்த பிறகே, ஏறக்குறைய ஒன்று இரண்டு வாரத்தில், முதல் இரை வையுங்கள்.

மறுக்கும் கார்ன் அல்லது கிங் ஸ்நேக் குஞ்சுக்கு டப்பா முறை நம்பகமானது. கைப்பிடி அளவு மூடி டப்பாவில் காற்றுத் துளை போட்டு, ஈரமான காகிதத் துண்டு ஒன்றை வைத்து, பிறந்து ஓரிரு நாளான 1 முதல் 2 கிராம் சுண்டெலிக் குஞ்சை இளக்கிப் போட்டு, பாம்புக் குஞ்சையும் விடுங்கள். டப்பாவை 27, 28 டிகிரி உள்ள இருட்டான இடத்தில் இரவு முழுவதும் வையுங்கள். ஹீட் மேட்டின் மேல் நேரடியாக வைத்தால் குஞ்சு வெந்துவிடும். அப்படியும் தொடவில்லை என்றால் அடுத்த முயற்சியில் இளகிய சுண்டெலிக் குஞ்சின் மண்டையைச் சுத்தமான பிளேடால் சிறிது கீறி, கசியும் மூளைச் சாற்றை அதன் மூக்கில் பூசிவையுங்கள். பார்க்க அருவருப்புதான். ஆனால் வெறும் வாசனையைவிட இது அதிகம் பலிக்கும்.

படி 9: மருத்துவரிடம்

எடை 10 சதவீதம் இறங்கினாலும், இளம் பாம்பு நான்கு வாரம் மறுத்து மெலிந்தாலும், இரண்டாம் முறை கக்கினாலும் போங்கள். ஒரு நாளுக்குள் கழித்த மலத்தைச் சுத்தமான டப்பாவில் குளிரூட்டி எடுத்துச் செல்லுங்கள். எடைக் குறிப்பு, வெப்ப அளவுகள், கூண்டின் படம் எல்லாம் கூடவே இருக்கட்டும். மலப் பரிசோதனையில் புழுக்களும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற நுண்ணுயிரிகளும் தெரியவரும்; எக்ஸ்ரேயில் அடைப்பு, தங்கிப்போன முட்டை. கூண்டில் மிளகுத் தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தால், தண்ணீர்க் கிண்ணத்தில் அவை செத்துக் கிடந்தால், பாம்பு உண்ணி. அதுவே இரை மறுக்கப் போதுமான காரணம். குடற்புழு மருந்தை அளவு தெரியாமல் நீங்களே கொடுக்காதீர்கள்.

படி 10: வாயில் வைத்து ஊட்டுதல்

கடைசி வழி, அதுவும் குஞ்சுகளுக்கு மட்டும். பாம்பின் தலையைவிடச் சிறிய சுண்டெலிக் குஞ்சை எடுத்து, பாம்பின் தலைக்குப் பின்னால் மென்மையாகப் பிடித்து, இரையின் மூக்காலேயே அதன் உதட்டின் முன்பகுதியை மெல்ல அழுத்துங்கள். வாய் திறந்ததும் தலையை மட்டும் உள்ளே வைத்துப் பற்கள் பிடிக்க விட்டு, பாம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிலைபோல் அசையாமல் நில்லுங்கள். பெரும்பாலும் சில நிமிடம் அப்படியே வாயில் வைத்திருந்து பிறகு விழுங்கத் தொடங்கும். துப்பினால் இன்னும் ஒரே ஒரு முறை, அதோடு விட்டு ஒரு வாரம் இடைவெளி. தொண்டைக்குள் தள்ளுவது, குழாய் விட்டு உணவு ஏற்றுவது எல்லாம் மருத்துவர் கை வேலை. வாயின் அடியில் முன்பக்கமே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது; தவறான இடத்தில் போன திரவம் நேராக நுரையீரலுக்குப் போகும். வளர்ந்த பாம்பைக் கட்டாயப்படுத்தினால் தாடையும் பல்லும் காயப்படும், இடுக்கியைப் பார்த்தாலே ஓடத் தொடங்கும்.

படி 11: இரை எடுத்த பிறகு

நெடுநாள் பட்டினிக்குப் பின் பசித்திருக்கிறதே என்று முழு அளவு கொடுக்கக்கூடாது. சுருங்கிய குடலால் தாங்க முடியாது. மிகவும் மெலிந்த பாம்பில் திடீர் உணவு ரத்தத்தின் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவைச் சட்டென்று வீழ்த்தி உயிருக்கே ஆபத்தாகும். முதல் இரை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் மூன்று இரை அதே அளவில், பிறகு படிப்படியாக ஏற்றுங்கள். எலும்பும் தோலுமான பாம்புக்கு இரைக்கு முன்னால் நீர்ச்சத்து ஏற்ற வேண்டும், அதை மருத்துவர் செய்யட்டும்.

விழுங்கி 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள். கக்கிவிட்டால் கூண்டைச் சுத்தம் செய்து, தண்ணீர் வைத்து, 14 நாள் காத்திருந்து, பாதி அளவில் தொடங்குங்கள். கக்கியதோடு செரிமான அமிலமும் வெளியேறிவிடுகிறது, உணவுக்குழாயும் புண்ணாகியிருக்கும். சூடான பக்கத்தின் எண்ணை அன்றே மறுபடி அளந்து பாருங்கள், கக்கலில் குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

அடுத்தடுத்து மூன்று இரைகளைத் தயக்கமின்றி எடுத்தால் வழக்கமான இடைவெளிக்குத் திரும்பலாம்: குஞ்சுக்கு 5 முதல் 7 நாள், இளம் பாம்புக்கு 7 முதல் 10, வளர்ந்ததற்கு 14 முதல் 21. மறுத்த காலத்தில் இழந்ததை ஈடுகட்ட வாரம் இரண்டு எலி என்று இறங்கினால், உப்பிய பாம்பு ஒன்று இன்னும் சில மாதத்தில் மறுபடி இரையைத் திரும்பிப் பார்க்காமல் படுத்திருக்கும்.